வளர்ச்சிக் காரணி: கூட்டலா, பெருக்கலா?

மக்கள்தொகைப் பெருக்கம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். மக்கள்தொகைக் கூட்டல் என்று யாரும் சொல்வதில்லை. பெருக்கம் என்ற சொல்லுக்குள்ளேயே பெருக்கல் இருக்கிறது! கணக்குப் புத்தகத்தில் வளர்ச்சிக் காரணி என்று வருவதும் அதுதான். ஒரு காலம் முடிந்த பிறகு, பழைய தொகையை எந்த எண்ணால் பெருக்கினால் புதிய தொகை வருமோ, அந்த எண்ணுக்குப் பெயர் வளர்ச்சிக் காரணி. கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். புதிய தொகையைப் பழைய தொகையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் பரீட்சையில் இந்தக் கணக்கைக் கண்டதும் பாதிப் பேர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள்.

நான் சிவில் மூன்றாம் ஆண்டு. எங்களுக்கு இந்தச் சமாச்சாரம் கணக்குப் பாடத்தில் ஒருமுறை வரும், குடிநீர் வழங்கல் பாடத்தில் இன்னொரு முறை வரும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்கள் "இது நமக்கில்லை" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். தண்ணீர் எல்லோரும்தான் குடிக்கிறோம்.

நம் ஊர்ப் பக்கத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இன்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று இரண்டு மாவட்டமாக இருப்பது 2019 நவம்பர் வரை ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். மறைமலை நகர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், தாம்பரம் எல்லாம் அதற்குள் அடக்கம். 2001 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 28,77,468. 2011 கணக்கெடுப்பில் 39,98,252. இப்போது வகுத்துப் பாருங்கள்.

39,98,252 ÷ 28,77,468 = 1.3895

இதுதான் பத்தாண்டுக்கான வளர்ச்சிக் காரணி. பேப்பரில் இதையே "38.95 சதவீத வளர்ச்சி" என்று போடுவார்கள். இரண்டும் ஒன்றுதான், உடுத்தியிருக்கும் சட்டைதான் வேறு. ஆனால் சட்டை மாறும் இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 38.95 சதவீதம் என்றதும் 0.3895 என்று எழுதி, அதையே காரணி என்று நினைத்துப் பெருக்கிவிடுகிறார்கள். பெருக்கினால் என்ன வருகிறது? 11,20,784. இருபத்தெட்டு லட்சம் பேர் இருந்த மாவட்டம் பத்து வருஷத்தில் வளர்ந்து பதினோரு லட்சம் ஆகிவிட்டது என்று விடைத்தாளில் எழுதினால் திருத்துகிறவர் என்ன நினைப்பார்! அந்தப் பதினோரு லட்சம், புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான். ஏற்கெனவே இருந்த ஊர் எங்கே போனது? 1.3895-ல் முன்னால் நிற்கிறதே அந்த 1, அதுதான் பழைய ஊர். புள்ளிக்குப் பின்னால் இருப்பது புது ஆட்கள். இதைப் பிடித்துக்கொண்டால் சதவீதமும் காரணியும் குழம்பவே குழம்பாது.

ஊர் குறைந்தாலும் இதே முறைதான். நீலகிரி மாவட்டத்தில் 2001-ல் 7,62,141 பேர், 2011-ல் 7,35,394 பேர். வகுத்தால் 0.9649. காரணி ஒன்றுக்குக் கீழே வந்தால் ஊர் சுருங்குகிறது, ஒன்றுக்கு மேலே போனால் பெருகுகிறது, சரியாக ஒன்று என்றால் அப்படியே நிற்கிறது. இதற்குத் தனிச் சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இனி அடுத்த படி. பத்தாண்டுக் காரணி கையில் இருக்கிறது, ஓர் ஆண்டுக் காரணி வேண்டும். உடனே கை தானாகப் பத்தால் வகுக்கப் போகும். 38.95-ஐப் பத்தால் வகுத்து, ஆண்டுக்கு 3.895 சதவீதம் என்று சொல்லிவிடுவோம். அது ஏன் சரியில்லை என்பதை எங்கள் அம்மாவை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை முதலில் மிதித்தது நான்தான். அப்பா கொத்தனார், நாலாவது வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். இந்தப் பாடம் நடத்திய அன்று சாயந்தரம் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"எம்மா, பத்தாயிரம் கடன் வாங்கி, நூத்துக்கு மாசம் மூணு வட்டின்னா, வருஷம் முடிஞ்சா வட்டி எவ்ளோ ஆவும்?"

"மாசாமாசம் கட்டிக்கினு வந்தா மூவாயிரத்து அறுநூறு."

"கட்டலன்னா?"

"கட்டலன்னா வட்டி குட்டி போடும்டி. பத்து வாங்குனது பதினாலத் தாண்டிப் பூடும். இதக் கேக்கத்தான் காலேஜிக்குப் போறியா?"

கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். 1.03-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 1.4258. பத்தாயிரம் 14,258 ஆகிறது. மாசம் மூணு என்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 36 சதவீதம்தான். ஆனால் கட்டாமல் விட்டால் நிஜத்தில் ஏறுவது 42.58 சதவீதம். கந்துவட்டிக்கு வாங்கித் திருப்பிக் கட்டியவர்களுக்கு அடுக்குக்குறி வளர்ச்சியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மக்கள்தொகையும் கட்டாமல் விட்ட வட்டி மாதிரிதான். இந்த வருஷம் சேர்ந்தவர்கள் அடுத்த வருஷக் கணக்கில் முதலோடு முதலாக நிற்கிறார்கள். ஆகவே ஓர் ஆண்டுக் காரணியைத் தனக்குத் தானே பத்து முறை பெருக்கினால் பத்தாண்டுக் காரணி வர வேண்டும். அப்படியென்றால் திரும்பி வரும்போது வகுக்கக் கூடாது, மூலம் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு என்றால் வர்க்கமூலம், மூன்று ஆண்டு என்றால் கனமூலம், பத்து ஆண்டு என்றால் பத்தாம் மூலம். கால்குலேட்டரில் 1.3895-ஐத் தட்டி, அடுக்கு பட்டனை அழுத்தி, 0.1 கொடுத்தால் போதும். 1.0334 என்று வரும். அதாவது ஆண்டுக்கு 3.34 சதவீதம்.

அந்தக் காலத்து சீனியர்கள் கிளார்க்ஸ் டேபிள் புரட்டிப் போட்டார்கள். அதுவும் கஷ்டமில்லை. 1.3895-ன் மடக்கை 0.1429. அதைப் பத்தால் வகுத்தால் 0.0143. எதிர்மடக்கை பார்த்தால் 1.033 சொச்சம். பத்தால் வகுக்க வேண்டும் என்று கை துடித்ததே, அதற்கு மடக்கையில் இடம் உண்டு! மடக்கைக்கு மாறிவிட்டால் பெருக்கல் கூட்டலாகிவிடும், மூலம் வகுத்தலாகிவிடும்.

3.34-க்கும் 3.895-க்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்று சிலர் கேட்கலாம். 1.03895-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், 1.4654 வருகிறது. 2001-ன் 28,77,468-ஐ இதனால் பெருக்கினால் 2011-ல் 42 லட்சத்து 16 ஆயிரம் பேர் இருந்திருக்க வேண்டும். வீடு வீடாக எண்ணியபோது இருந்ததோ 39 லட்சத்து 98 ஆயிரம். தப்பான இடத்தில் ஒரு வகுத்தல் போட்டதால் இல்லாத 2 லட்சத்து 18 ஆயிரம் பேர் காகிதத்தில் பிறந்துவிட்டார்கள். 2011-ல் மறைமலை நகர் நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 81,872-தான். நம் ஊரைப் போல இரண்டரை ஊர்!

பரீட்சையில் வரும் கணக்குகள் நேராகக் கேட்காது, கொஞ்சம் சுற்றி வளைக்கும். "ஓர் ஊரில் இரண்டாம் ஆண்டு முடிவில் 1,800 பேர், ஐந்தாம் ஆண்டு முடிவில் 6,075 பேர். ஆண்டு வளர்ச்சிக் காரணி என்ன? தொடக்கத்தில் எத்தனை பேர்?" என்பது மாதிரி. முதலில் வகுத்தல்: 6,075 ÷ 1,800 = 3.375. இப்போது எத்தனையாம் மூலம் எடுப்பது? ஐந்தும் இல்லை, இரண்டும் இல்லை. இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவ மூன்று தாவல். கனமூலம் எடுத்தால் 1.5. சர்வே செயினை இழுத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நாலு குச்சி நட்டால் நடுவில் மூன்று இடைவெளிதான். குச்சியை எண்ணாதீர்கள், இடைவெளியை எண்ணுங்கள். தொடக்கத் தொகைக்கு இரண்டு தாவல் பின்னால் போக வேண்டும். பின்னால் போவதென்றால் வகுத்தல். 1,800-ஐ 1.5-ஆல் ஒருமுறை வகுத்தால் 1,200, இன்னொருமுறை வகுத்தால் 800. முடிந்தது.

காரணி எந்தக் காலத்துக்கு உரியது என்பதையும் கூடவே எழுத வேண்டும். "காரணி 2" என்று மொட்டையாக எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு 2 என்றால் மணிக்கு 1.26, ஒரு நாளைக்கு 256. மூன்றும் ஒரே வேகம்தான்.

எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று கேட்டால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 70-ஐ ஆண்டு சதவீதத்தால் வகுத்துவிடுங்கள். 70 ÷ 3.34 = 21 ஆண்டு. மடக்கை போட்டு முறையாகச் செய்தாலும் 21 சொச்சம்தான் வருகிறது. இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும்.

இதுவரை சொன்னது மார்க் வாங்குகிற வழி. சிவில்காரர்களுக்குத் தலைவலி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குடிநீர்த் திட்டம் போடும்போது இன்று இருக்கிறவர்களுக்குக் குழாய் பதிப்பதில்லை. முப்பது ஆண்டு கழித்து இருக்கப் போகிறவர்களுக்குப் பதிக்க வேண்டும். அந்த ஆட்களில் பாதிப் பேர் இன்னும் பிறக்கவே இல்லை, அல்லது வேறு ஏதோ ஊரில் இருக்கிறார்கள். அவர்களை எண்ணுவதற்குப் பாடத்தில் பல முறைகள் சொல்கிறார்கள். முக்கியமானவை இரண்டு. ஒன்று கூட்டல் முறை: பத்தாண்டுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்களோ அதே எண்ணிக்கை இனிமேலும் சேரும் என்று வைத்துக்கொள்வது. இன்னொன்று பெருக்கல் முறை: அதே காரணி இனிமேலும் இருக்கும் என்று வைத்துக்கொள்வது.

பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். 2011-லிருந்து 2041 வரை மூன்று பத்தாண்டுகள். கூட்டல் முறையில் 11,20,784-ஐ மூன்று முறை சேர்த்தால் 73 லட்சத்து 60 ஆயிரம். பெருக்கல் முறையில் 1.3895-ஐ மூன்று முறை பெருக்கினால் 2.6827, மக்கள்தொகை 1 கோடியே 7 லட்சத்து 26 ஆயிரம். ஒரே இரண்டு எண்களை வைத்துத்தான் இரண்டு கணக்கும் போட்டோம். விடைகளுக்கு நடுவில் 33 லட்சத்து 65 ஆயிரம் பேர்!

இதைத் தண்ணீராக மாற்றினால்தான் உறைக்கும். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு சொல்கிறது. 33.65 லட்சம் பேருக்குப் பெருக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 45 கோடி லிட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013-ல் திறந்தார்களே, கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் நிலையம், அதன் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். அந்த மாதிரி நாலரை நிலையம், கூட்டலா பெருக்கலா என்ற ஒரே கேள்விக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். கோடையில் அதுவும் இல்லை, லாரிதான். லாரி வரும் நாளில் நான் முதல் பீரியடுக்கு லேட். இந்த 33 லட்சம் கணக்கை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "அப்போ நம்ம தெருவுக்குப் பைப்பு போட்டவங்க எத்தினி பேருன்னு எண்ணிப் போட்டாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. எங்கள் பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற முயற்சிதான்.

அப்படியானால் பயந்துபோய் எப்போதும் பெரிய விடையையே எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. சரித்திரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1961-ல் 3,36,86,953. 1971-ல் 4,11,99,168. காரணி 1.2230. அன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து, இதே காரணியை நாலு முறை பெருக்கி 2011-க்குக் கணக்குப் போட்டிருந்தால் 9 கோடியே 21 லட்சம் வந்திருக்கும். 2011-ல் உண்மையில் இருந்தது 7,21,47,030. இரண்டு கோடிப் பேர் வரவே இல்லை! காரணம், காரணி அப்படியே நிற்கவில்லை. 1971-லிருந்து 81-க்கு 1.1750, அடுத்த பத்தாண்டில் 1.1539, 2001-ல் முடிந்த பத்தாண்டில் 1.1172 என்று இறங்கிக்கொண்டே வந்தது. நாமிருவர் நமக்கிருவர் என்ற பிரசாரம் மட்டும் இதைச் செய்யவில்லை. பெண் பிள்ளைகள் படிக்கப் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. எங்கள் பாட்டிக்கு ஏழு பிள்ளைகள், அம்மாவுக்கு இரண்டு.

பல பத்தாண்டுகளின் காரணிகள் கையில் இருந்தால் சராசரி எடுப்போம். இங்கேயும் கவனம் வேண்டும். ஓர் ஊர் ஒரு பத்தாண்டில் இரட்டிப்பாகி, அடுத்த பத்தாண்டில் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணிகள் 2, 0.5. கூட்டி இரண்டால் வகுத்தால் 1.25 வரும். பத்தாண்டுக்கு 25 சதவீதம் வளர்கிற ஊர் என்று சொல்லிவிடுவோம். ஊரோ தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது! இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1 வரும், அதுதான் நியாயம். இதற்குப் பெருக்குச் சராசரி என்று பெயர். தமிழ்நாட்டுக்கு 1951-லிருந்து 2011 வரை ஏழு கணக்கெடுப்பு, ஆறு இடைவெளி. ஆறு காரணிகளையும் ஒவ்வொன்றாகப் பெருக்க வேண்டியதுகூட இல்லை. கடைசித் தொகை 7,21,47,030-ஐ முதல் தொகை 3,01,19,047-ஆல் வகுத்தால் 2.3954. ஆறாம் மூலம் 1.1567. நடுவில் உள்ள எண்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

சரி, நம் பக்கத்துக்கு எந்த முறை? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், தவறென்று நினைப்பவர்கள் கேன்டீனில் சண்டைக்கு வரலாம். பெருக்கல் முறைக்கு அடிப்படை, இருக்கிறவர்கள்தான் புதியவர்களை உண்டாக்குகிறார்கள் என்பது. கிருமிக்கு அது பொருந்தும். வட்டிக்குப் பொருந்தும். நம் தொழிற்பேட்டைப் பக்கத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8. அதாவது பிறப்பை மட்டும் நம்பினால் ஊர் நாளடைவில் பெருகவே பெருகாது. அப்படியிருக்க 2001-லிருந்து 2011-க்குள் தமிழ்நாடு முழுவதும் 1.1561 என்று வளர்ந்தபோது நம் மாவட்டம் மட்டும் எப்படி 1.3895 ஆனது? ஆட்கள் வந்தார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 1999-ல் மறைமலை நகரில் ஃபோர்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். அந்தப் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகள். இன்னொரு பக்கம், பழைய எல்லைக்குட்பட்ட சென்னை மாவட்டம் அதே பத்தாண்டில் 43,43,645-லிருந்து 46,46,732 ஆனது. காரணி வெறும் 1.07. அங்கே இடம் இல்லை, வாடகை கட்டுப்படி ஆகவில்லை, நிரம்பி வழிந்தது நம் பக்கம்.

அப்பாவும் அம்மாவும் செய்யாறு பக்கத்திலிருந்து 2005-ல் இங்கே வந்தவர்கள். நான் 2007-ல் இங்கே பிறந்தவள். அந்த 11,20,784 பேரில் எங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். அவர்கள் இரண்டு பேரும் கூட்டலில் வந்தவர்கள். பெருக்கலில் வந்தது நான் ஒருத்திதான்.

ஒரு தொழிற்சாலை வந்தால் இத்தனை ஆயிரம் வேலை என்று ஓர் எண் சேரும். ஏற்கெனவே ஊரில் ஐம்பதாயிரம் பேர் இருந்தாலும் ஒரு லட்சம் பேர் இருந்தாலும் அதே வேலைதான். அது கூட்டல். மூடினால் அதே போலக் கழித்தல். நோக்கியா தொழிற்சாலை 2014-ல் நின்றது, ஃபோர்டில் கார் உற்பத்தி 2022-ல் நின்றது. காரணி என்ன சொன்னாலும் அந்த ஷிப்ட் பஸ்கள் ஓடவில்லை. ஆனால் முழுக்கக் கூட்டல் என்றும் சொல்ல முடியாது. வேலைக்கு ஆள் வந்தால் அவனுக்கு டீக்கடை, மெஸ், ரூம், செல்போன் ரீசார்ஜ் கடை, வடமாநிலத் தம்பிகளுக்கு ரொட்டிக் கடை என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். அங்கே கொஞ்சம் பெருக்கல் இருக்கிறது. இடம் நிரம்ப நிரம்ப வளர்ச்சி தானாக அடங்கும் என்று பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838-லேயே சொல்லி, படுத்த 'ஸ' மாதிரி வளைகிற ஒரு கோட்டையும் கொடுத்தார். எங்கள் புத்தகத்திலும் அந்த முறை இருக்கிறது. சென்னையின் 1.07 அந்தக் கோட்டின் மேல்முனை மாதிரிதான் எனக்குப் படுகிறது.

ஆகவே இரண்டு விடையையும் போட்டு, நடுவில் எங்கே நிற்பது என்பதை ஊரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதில் ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. குழாயில் இரண்டு மடங்கு தண்ணீர் போக வேண்டும் என்றால் விட்டம் இரண்டு மடங்கு வேண்டியதில்லை. ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் அதே அழுத்த இழப்புக்குப் போட்டுப் பார்த்தால் 1.3 மடங்கு போதும். பத்து அங்குலக் குழாய்க்குப் பதில் பதின்மூன்று அங்குலம். குழி தோண்டுகிற கூலி ஏறக்குறைய ஒன்றுதான். அதற்காக ஒரேயடியாகப் பெரிதாகப் போட்டுவிட்டால் தண்ணீர் மெதுவாக ஊர்ந்து வண்டல் தங்கும், காசும் வீண். நீர்த்தேக்கத் தொட்டியையும் மோட்டாரையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். மண்ணுக்குள் போன குழாயை மாற்றுவதுதான் பெரும்பாடு.

கூட்டலா பெருக்கலா என்ற வழக்குக்குத் தீர்ப்பு 2021-லேயே வந்திருக்க வேண்டும். கோவிட் வந்ததால் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1-ஆம் தேதியை வைத்து எடுப்பதாக 2025 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. அந்த எண்கள் வந்ததும் நீங்களே நம் பக்கத்துக் காரணியைக் கண்டுபிடிக்கலாம். அவசரப்பட்டு வகுக்க வேண்டாம், முதலில் நிலம் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் எண்ணை இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் ஊரே காலியானது போல இருக்கும். இன்றைய செங்கல்பட்டையும் காஞ்சிபுரத்தையும் கூட்ட வேண்டும். 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்ட ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கத்துப் பகுதிகளையும் எடுத்து இதோடு சேர்க்க வேண்டும். அந்த மொத்தத்தை 39,98,252-ஆல் வகுக்க வேண்டும்.

கூட்டல் முறைப்படி ஆண்டுக்கு 1,12,078 பேர் வீதம் சேர்ந்திருந்தால் மொத்தம் 58 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும், காரணி 1.45. பெருக்கல் முறைப்படி ஆண்டுக்கு 1.0334 என்று போயிருந்தால் 67 லட்சத்து 70 ஆயிரம் அளவில் வரும், காரணி 1.69. நான் 58-க்குப் பக்கத்தில்தான் பந்தயம் கட்டுவேன். எது வந்தாலும் ஆண்டுக் காரணிக்குப் பழக்க தோஷத்தில் 0.1 அடுக்கைத் தட்டிவிடாதீர்கள். 2011 மார்ச்சிலிருந்து 2027 மார்ச்சுக்குப் பதினாறு இடைவெளி. எடுக்க வேண்டியது பதினாறாம் மூலம், கால்குலேட்டரில் கொடுக்க வேண்டிய அடுக்கு 0.0625.